சங்கம் பல, தோட்டம் ஒன்று

(திம்புள்ளயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அரசியல் பிரிவுகளைக் கடந்த கூட்டுணர்வு பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். மலையகத்தில் ஒற்றுமை பற்றிப் பேசாத மேடை கிடையாது. ஆகவே ஒன்றுபடுங்கள் என்ற வேண்டுகோளோடு நான் நிறுத்திக்கொண்டால் உங்கள் மாலைப்பொழுதை வீணாக்கியவன் ஆவேன். நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் சனங்களுக்கு ஒன்றுபடத் தெரியாது என்ற பழி பொய்யானது. அவர்கள் பல தடவை ஒன்றுபட்டிருக்கிறார்கள், ஒன்றுபட்டபோது வென்றும் இருக்கிறார்கள். போராட்டம் முடிந்த பின் அந்த ஒற்றுமை நிலைத்திருக்க ஓர் இடம் இல்லாமல் போனதுதான் நம் குறை. அந்த இடத்தைத் தலைநகரில் தேட வேண்டாம். நம் தோட்டத்து டிவிசனுக்குள்ளேயே அதை அமைக்கலாம்.

பிரிவு வந்த வழி

1920களில் தோட்டம் ஒரு மூடிய உலகம். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே கால்வைக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி போல வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்தார் என்று இன்றும் சொல்வார்கள். தொடக்கத்தில் அவர் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் சேர்ந்து தொழிற்சங்கம் நடத்தினார். தமிழரும் சிங்களவரும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. பொருளாதார மந்தம் வந்ததும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இந்தியத் தொழிலாளரே காரணம் என்ற குரல் அந்த இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது. அய்யர் விலகினார். 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியே சனங்களைத் திரட்டினார். தொழிலாளி என்ற பெயரில் சேர்ந்தவர்களை இனம் பிரித்தது அப்போதுதான். நாம் இன்றைக்கு அனுபவிக்கும் பிரிவுகளுக்கெல்லாம் மூத்தது அது.

1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1947 பொதுத் தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். இந்தப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியில் வென்றார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போனது. ஏழு பேரை அனுப்பிய சனங்கள் 1952 தேர்தலில் வாக்குப் போடவே வழியில்லாமல் நின்றார்கள்.

நம் பிரிவுகள் ஏன் இவ்வளவு ஆழமாய் இறங்கின என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. வாக்கு இல்லாதவனுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் கிடையாது, கிராமசபை கிடையாது, கச்சேரியில் மதிப்புக் கிடையாது. அவனுக்கு இருந்ததெல்லாம் சங்கம் ஒன்றுதான். துரையோடு வழக்குப் பேசியது சங்கம். குடியுரிமை விண்ணப்பம் நிரப்பியது சங்கம். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டதும், பொலிஸில் பிடித்துப்போனவனை வெளியே எடுத்ததும் சங்கம். இத்தனையும் ஒரே வாசலில் கிடைக்கும்போது அந்த வாசலை விட்டு வெளியேறுவது சாதாரண கருத்து வேற்றுமையாக இராது. உறவைத் துண்டிப்பதாகவே அது ஆகிவிடும்.

அந்த நிலையில்தான் 1956 இல் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான அசீஸ் பிரிந்து சனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கினார். தொண்டமான் தலைமையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொடர்ந்தது. 1965 இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்தார். தெற்கின் பெரிய கட்சிகள் ஒவ்வொன்றும் தோட்டத்துக்குள் தனக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. இந்தத் தலைவர்களில் எவருடைய உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படிப் பங்கிடப்பட்ட சனங்கள் மீண்டும் குடிகளாகி நிமிர்ந்தார்கள் என்றால் அதில் எல்லாச் சங்கங்களின் வியர்வையும் இருக்கிறது. நன்றியோடு அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.

ஒன்றுபட்ட நாட்கள்

1940 சனவரி 10. ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் மாண்டார். அங்கே சங்கம் அமைத்தவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியினர். விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. தமிழ்த் தொழிலாளியின் விதவைக்குச் சிங்களச் சட்டத்தரணி ஒருவர் குரலாக நின்ற அந்தக் காட்சியை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை.

அடுத்தது இந்த மண்ணிலேயே நடந்தது. டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் வானை நிறுத்திப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெயருக்குரிய தோட்டத்தில் 1977 மே 11 அன்று சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகியிருந்தன. நுவரெலியா, மஸ்கெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தேயிலைக் காணியை எடுத்து வெளியாருக்குப் பகிர்ந்து கொடுக்கும் திட்டம் வந்தது. அந்தக் காணியில் வேலை செய்தவர்களுக்கும் அங்கேயே லயத்தில் குடியிருந்தவர்களுக்கும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. தொழிலாளர்கள் மறித்து நின்றார்கள். லெட்சுமணன் விழுந்த செய்தி மலைக்கு மலை பரவியதும் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. காணி பறிக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த வாரத்தில் எந்த லயத்திலும் நீ எந்தச் சங்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்க அவகாசம் இருக்கவில்லை. மலை போனால் எல்லாருக்கும் போகும் என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டார்கள். கூட்டுணர்வு என்று நான் சொல்வது இதைத்தான். எல்லாரும் ஒரே கட்சியில் சேர்வதோ ஒரே தலைவரைக் கும்பிடுவதோ அல்ல. நமக்குப் பொதுவானது எது என்று ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மற்றவரும் அதை அறிந்திருக்கிறார் என்ற நம்பிக்கையும் வேண்டும். இரண்டும் கூடினால் அது பெரிய பலம்.

மூன்றாவது, 1984 ஏப்ரல். அரசாங்கத்தின் பக்கம் இருந்த சங்கமும் எதிர்ப்பக்கத்துச் சங்கங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. அதுவரை ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அந்தப் போராட்டத்தின் பலனாகச் சம கூலி வந்தது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் கையால் என்றாலும் அந்த வேறுபாடு தலைமுறை தலைமுறையாக நீடித்தது. சங்கங்கள் தனித்தனியே கேட்ட காலம் வரைக்கும் அது அசையவில்லை. சேர்ந்து கேட்டபோது அசைந்தது.

பிரிவை ஓட்டும் இயந்திரம்

அப்படியானால் இந்த ஒற்றுமை ஏன் தங்குவதில்லை? தலைவர்களின் குணத்தைக் குறை சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிடலாம். ஆனால் குணத்தைவிட ஏற்பாடுகள்தான் நம்மைப் பிரித்து வைத்திருக்கின்றன.

சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். முழு நாள் கூலி விழுந்த பேர்கள், மேலதிகக் கிலோ, சேமலாப நிதி, கோயில் பணம் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றுக்கிடையே சங்கச் சந்தா என்று ஒரு வரி. என்றோ ஒரு நாள் கையெழுத்திட்ட படிவத்தின் பேரில் மாதாமாதம் தோட்ட அலுவலகமே அந்தப் பணத்தைக் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. தொழிலாளியின் கையிலிருந்து சந்தா வாங்க வேண்டிய அவசியம் இருந்தால் தலைவர் மாதம் ஒரு தடவையாவது அவள் வாசலில் நின்று அவள் முறைப்பாட்டைக் கேட்டாக வேண்டும். இப்போதைய ஏற்பாட்டில் அந்தச் சந்திப்பு நின்றுபோனது. படிவத்தைப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. ஒரு சங்கத்தின் படிவம் குறைந்தால் மற்றதற்குக் கூடுகிறது. பிரிவு வருமானமாகும் இடத்தில் பிரிவு வளரத்தான் செய்யும்.

சட்டமும் இதில் சேர்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் வந்த திருத்தத்தின்படி வேலைத்தலத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத அங்கத்தவர்களைக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக்கூடாது. தொழிலாளிக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒரு தோட்டம் நாலு சங்கமாய் உடைந்திருந்தால் நாற்பதை எட்டும் சங்கம் அங்கே இல்லாமலே போகலாம். அப்போது பாதுகாப்பு தாளிலேயே இருந்துவிடும்.

இதன் விளைவைக் கொழுந்து மடுவத்தில் பார்க்கலாம். பின்னேர நிறுவை. மழையில் நனைந்த சாக்கு. தராசில் ஒரு அளவு, கொப்பியில் வேறொரு அளவு. நடுவில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோ கழிகிறது. அந்தக் கழிவால் ஒருத்திக்குப் பேர் விழவேண்டிய இடத்தில் அரைப் பேர் விழுகிறது. அவள் தட்டிக் கேட்கிறாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பவள் வேறு சங்கத்துக்காரி. பேசினால் இவள் சங்கத்துக்குப் பேசியதாக ஆகும் என்று தயங்கி நிற்கிறாள். கழிந்த கிலோவோ இருவர் சாக்கிலிருந்தும்தான் கழிந்திருக்கிறது.

நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்ட போராட்டமும் இதையே சொன்னது. ஆண்டுக்கணக்காகக் கேட்டதற்கு 2019 கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கொடுத்தது. 2021 இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 வந்தது, 2024 இல் 1,350 ஆனது. இலக்கம் கூடியது உண்மை. அந்தக் கையோடு பல தோட்டங்களில் பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது, மாதத்தில் கொடுக்கும் வேலைநாள் குறைக்கப்பட்டது. கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனதால் வேலை நிபந்தனைகளைப் பேச ஒரு பொது மேசை இல்லாமல் போயிற்று. சம்பளத்தை வர்த்தமானியால் கூட்டலாம். தராசைக் கண்காணிக்க அதே டிவிசனில் இருக்கும் சனங்களால்தான் முடியும்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பது

தோட்டத்தில் அரசியல் பிரிவு தீண்டாத ஒரு ஏற்பாடு இப்போதும் உயிரோடு இருக்கிறது. அதுதான் மரண சகாய சங்கம்.

ஒரு லயத்தில் இரவு மரணம் நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் வாலிபர்கள் லயம் லயமாகச் செய்தி சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் காலை வேலைக்குக் கூடும் பெரட்டில் ஆளிருக்காது. ஒருவர் கொப்பியும் பேனாவுமாக வீடு வீடாக வருவார். வீட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் தீர்மானித்த தொகை. அந்தக் கொப்பியை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் லயத்து இலக்கம், பிறகு காம்பரா இலக்கம், பிறகு குடும்பத் தலைவர் பெயர், பிறகு தொகை. சங்கத்தின் பெயருக்கு அதில் நிரல் இல்லை. பொருளாளர் ஒரு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். செயலாளர் அதற்கு எதிர்ச் சங்கத்தின் தலைவர். தேர்தல் காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அன்று சேர்ந்து குழிவெட்டும் இடத்தை முடிவு செய்கிறார்கள். கருமாதி முடிந்ததும் வரவு செலவை எல்லார் முன்னும் வாசிக்கிறார்கள். கணக்கில் ஐந்து ரூபாய் பிசகினாலும் கேள்வி கேட்க ஒரு கிழவி எழுந்து நிற்பாள்.

காமன் கூத்தும் இப்படித்தான். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால் தோட்டம் முழுவதற்கும் அது பொது. யார் ரதி, யார் மன்மதன் என்பதைக் கட்சி தீர்மானிப்பதில்லை.

ஆகவே கூட்டாகப் பணம் சேர்க்கவும், கணக்குக் காட்டவும், தீர்மானம் எடுக்கவும், மாற்றுச் சங்கத்தானை நம்பிப் பொறுப்புக் கொடுக்கவும் நம் சனங்களுக்குத் தெரியும். சாவுக்கும் திருவிழாவுக்கும் வைத்திருக்கும் இந்தப் பழக்கத்தை நாம் உயிரோடு இருக்கும் நாட்களின் காரியங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

திடீரென எழும் அலை போதாது

கேரளத்து மூணாறு நமக்கு அந்நியமான ஊர் அல்ல. நம் முன்னோர் புறப்பட்ட அதே தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வாரிசுகள்தான் அங்கும் கொழுந்து பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து அங்குள்ள பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். எல்லாக் கட்சிகளின் சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். தங்களுக்குப் பெண்கள் ஒற்றுமை என்று பெயரிட்டுக்கொண்டு 20 சதவீத போனஸை வென்றார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதன்பின் அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. கட்சிகள் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டன. அந்தத் தாய்மாரின் தைரியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். போராடிய நாட்களில் இருந்த ஒற்றுமையைப் பாதுகாக்க அன்றாட அமைப்பு ஒன்று வேரூன்ற அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

2018 அக்டோபர் 24 அன்று நம் பிள்ளைகள் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் கடையிலும் கட்டடத் தளத்திலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து, பெற்றோருக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு, எந்தக் கொடியும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். முகநூலில் ஒருவரை ஒருவர் அழைத்து வந்த கூட்டம் அது. மலையகத்தின் புதிய தலைமுறை கட்சியைக் கடந்து சிந்திக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இரண்டே நாளில், அக்டோபர் 26 அன்று, பிரதமர் பதவிக்கான இழுபறி நாட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகளின் குரல் அதில் அமுங்கியது. திடலில் கூடியவர்களுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து பேசத் தோட்டத்தில் ஒரு பொதுச் சபை இருந்திருந்தால் அந்த எழுச்சி அப்படிக் கரைந்திராது.

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் பழைய சங்க விசுவாசங்கள் பெரிதும் தளர்ந்ததைப் பார்த்தோம். முதல் முறையாக மலையகப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வாக்கு மாறுவதாலே கூட்டுணர்வு வந்துவிடாது. வென்றவரை நாளை கேள்வி கேட்க நமக்குப் பொதுக் குரல் இருக்கிறதா என்பதே சோதனை.

வேலிக்கு அப்பால்

தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம் இருக்கிறது. 1977 இலும் 1983 இலும் நம் லயங்கள் எரிந்தன. அந்த வேதனையை மறக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் மண் சரிவு தோட்ட எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கெட்டுப்போன பாதையிலே கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அந்தத் தடை நீங்கியது. நுவரெலியா, அம்பகமுவை என்று இரண்டாக இருந்த சபைகள் ஆறாகின. கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் சபை கிடைத்தது. அந்தச் சபையில் கிராமமும் தோட்டமும் ஒன்றாக உட்காருகின்றன. பாதை, தண்ணீர், குப்பை என்று அங்கே பேசும் காரியங்களில் இனம் தானாகவே பின்னால் போகும்.

2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி நடந்தது. நம் முன்னோர் நடந்து, வழியில் செத்து, வந்துசேர்ந்த அதே திசை. எந்தக் கட்சியின் பெயரிலும் அது நடக்கவில்லை. வழிநெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடப்பவர்களை வரவேற்றார்கள். நம் கதையைக் கேட்க அயலவர் தயாராக இருக்கிறார்கள். சேர்ந்து சொல்ல நாம் தயாராக வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, டிவிசனுக்கு ஒரு பொதுச் சபை. மாதம் ஒரு தடவை, சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை, கோயில் முற்றத்திலோ வாசிகசாலையிலோ கூடலாம். சங்கத் தலைவர்கள் அனைவரும் வரட்டும், ஆனால் அங்கே அவர்கள் அந்த டிவிசன் குடிகளாக மட்டும் உட்காரட்டும். எவரும் தம் சங்கத்தை விட்டு விலக வேண்டாம். படிவம் மாற்றும் பேச்சு அந்தச் சபையில் எடுக்கக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு பொதுக் கொப்பி. மரண சகாய சங்கக் கொப்பி போலவே சங்க நிரல் இல்லாத கொப்பி. ஒவ்வொரு நாளும் தராசு காட்டிய கிலோ, கழித்த கிலோ, மாதத்தில் கொடுத்த வேலைநாள், விழுந்த அரைப் பேர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இதைச் செய்யட்டும். ஒருத்தியின் முறைப்பாட்டை நிர்வாகம் தள்ளிவிடலாம். நூறு பேரின் மூன்று மாதக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. எந்தச் சங்கம் பேசப் போனாலும் அந்தக் கொப்பியை எடுத்துப் போகட்டும்.

மூன்றாவது, சபையின் தலைமையில் பாதி பெண்களுக்கு. மலையில் முதுகு வளைபவர்கள் அவர்கள். அவர்கள் தலைமை தாங்க வேண்டுமானால் கூட்டம் அவர்கள் அடுப்படி வேலை முடியும் நேரத்தில் நடக்க வேண்டும். அந்த வேலையில் ஆண்கள் பங்கெடுக்கவும் வேண்டும்.

நான்காவது, தேர்தல் வரும்போது வேட்பாளர் அனைவருக்கும் ஒரே கோரிக்கைத் தாள். வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம், பாதை, பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் என்று சபை தீர்மானித்ததை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாக்கு அவரவர் விருப்பம். வென்றவரை ஓராண்டு கழித்து அதே முற்றத்துக்கு அழைப்பது எல்லாருடைய கடமை.

1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் இளைஞர்களுக்கு மலையகம் என்ற உணர்வை ஊட்டினார்கள். அந்த வகுப்பறைகளிலிருந்து வந்தவர்கள்தான் பிறகு ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வெவ்வேறு அமைப்புகளின் தலைவர்களாகவும் ஆனார்கள். கட்சி வேறுபட்டாலும் மலையகம் என்று சொல்லும்போது எல்லாரும் ஒன்றையே கருதினார்கள். அந்த வேலையை இன்று டிவிசன் அளவில் தொடர வேண்டிய பொறுப்பு இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுடையது.

இந்த அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இந்த ஆண்டு திம்புள்ளப் பகுதியில் ஒரு டிவிசனையாவது தேர்ந்து, அந்தப் பொதுக் கொப்பியைத் தொடங்க உதவுங்கள். கொப்பிக்கும் பேனாவுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல, அதை எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வெளியூர்ப் பேச்சாளரை அழைக்காதீர்கள். அந்தக் கொப்பியை எழுதிய பெண்களை அழைத்து, என்ன கண்டார்கள், எதை மாற்றினார்கள், எங்கே தடைப்பட்டார்கள் என்று பேசச் சொல்லுங்கள். நான் கீழே உங்களோடு உட்கார்ந்து கேட்கிறேன்.